வாங்கியது பத்து, கொடுத்தது இருபது

எங்கள் ஊருக்கு விருந்தாளி யார் வந்தாலும், இலை போடுவதற்கு முன்னால் நான் கூட்டிப்போய்க் காட்டும் இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சத்துணவுக் கூடத்தை ஒட்டினாற்போல் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே நுழைந்தால் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசனை வரும். பலகைகளில் வரிசையாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஊறுகாய் ஜாடிகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு: கோழி அவரை, சிறகவரை, பொய்யூர்க் கத்தரி, குடுவைச் சுரை, மிதிபாகல், யானைத்தந்த வெண்டை. மூலையில் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். அதைத்தான் பிரித்துக் காட்டுவேன். பெயர், வகுப்பு, விதை, வாங்கியது, கொடுத்தது என்று கட்டம் போட்டிருக்கும். வாங்கியது பத்து என்றால் கொடுக்க வேண்டியது இருபது. இருபது கேட்ட இடத்தில் ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து கொட்டிய பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஒரு சாதாரண அரசுப் பள்ளி இது. அங்கே படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா நான். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். வேளாண்மை படித்தவள் இல்லை. ஆனால் ஊரையும் பள்ளியையும் இப்படி ஒன்றாக முடிந்துவைத்த ஏற்பாடு வேறொன்றை நான் கண்டதில்லை. அதனால்தான் ஆசை ஆசையாக எழுதுகிறேன்.

பத்துக்கு இருபது என்ற கணக்கு எங்கள் மண்ணில் பிறந்தது. பக்கத்துக் கட்டிமேட்டுக்காரர் நெல் ஜெயராமன் போட்ட கணக்கு அது. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவோடு ஊர் ஊராக நடந்து, மறைந்துபோக இருந்த நெல் ரகங்களைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தவர் அவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார், தூயமல்லி என்று நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார். விளைவித்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கைமாறியதில் பணம் கிடையாது, பத்திரம் கிடையாது, வாக்கு மட்டும்தான். கடன் பெருகப் பெருக விதையும் பெருகியது. 2018 டிசம்பர் 6 அன்று அவர் காலமானார். இன்றைக்குப் பாரம்பரிய நெல்லைக் காக்க அரசே அவர் பெயரில் ஓர் இயக்கம் நடத்துகிறது. அவர் நெல்லுக்குப் போட்ட கணக்கை எங்கள் அறிவியல் டீச்சர் அவரைக்கும் கத்தரிக்கும் போட்டார், பிறகு மரக்கன்றுக்கும் போட்டார். அந்த டீச்சருக்குக் கோயில் கட்டினாலும் தகும்!

டெல்டாவில் நாங்கள் எதைப் பேசினாலும் கஜாவைத் தொடாமல் பேச முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள் வேரோடு கிடந்ததைப் பார்த்து ஆம்பிளைகள் அழுத ஊர் இது. ஆனால் விடிந்ததும் எல்லோர் கண்ணிலும் பட்ட இன்னொன்று, பனைகள் நின்றுகொண்டிருந்தன. குளத்தங்கரைப் புன்னையும் கிளைகளை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகு லாரி லாரியாகக் கன்றுகள் வந்தன. நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார்கள். சாலையோரத்தில் குழி வெட்டினார்கள், நட்டார்கள், படம் எடுத்தார்கள். நட்டவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், ஆடுகள் இங்கேயே இருந்தன. கோடை வந்தபோது அந்தக் குழிகளில் கம்பு மட்டும் மிச்சம்.

எங்கள் பள்ளி செய்தது வேறு. கன்றைப் பள்ளி வளர்க்கும், மரத்தை வீடு வளர்க்கும். எனக்குத் தெரிந்து மரம் நடுவதில் இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பொது இடத்தில் நிற்கும் கன்றுக்கு எல்லோரும் சொந்தம், ஆகவே ஒருவரும் சொந்தமில்லை. கொல்லையில் நிற்கும் கன்றுக்கு ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீர் தானாக அதன் பக்கம் போகிறது. ஆடு எட்டிப்பார்த்தால் திண்ணையிலிருந்து ஒரு குரல் அதட்டுகிறது. கென்யாவில் வாங்காரி மாத்தாய் 1977-இல் தொடங்கிய பசுமை வளைய இயக்கமும் இப்படித்தான் வேரூன்றியது. கிராமத்துப் பெண்கள் தாங்களே நாற்று வளர்த்து நட்டார்கள், பிழைத்த கன்றுக்குத்தான் அவர்களுக்குச் சிறு தொகை. நட்டதற்குக் கூலி என்றால் குழிகள் பெருகும். பிழைத்ததற்குக் கூலி என்றால் மரங்கள் பெருகும்.

நாற்றங்காலின் கால அட்டவணையைச் சொன்னால் நீங்களே வியந்துபோவீர்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. அதே ஆனி, ஆடியில்தான் வேம்பும் நாவலும் இலுப்பையும் பழுத்து உதிர்கின்றன. பிள்ளைகள் வரும் வழியெல்லாம் விதை! வேப்பங்கொட்டைக்கும் இலுப்பைக் கொட்டைக்கும் ஆயுசு கம்மி. சேர்த்துவைத்து ஆற அமர விதைத்தால் முளைக்காது, பொறுக்கிய சூட்டோடு மண்ணுக்குள் போக வேண்டும். அதனால் புதுப் புத்தகம் கொடுக்கும் வாரத்திலேயே இந்த வேலையும் தொடங்கிவிடுகிறது. கழுவிய பால் பாக்கெட்டில் அடியில் ஓட்டை போட்டு, வண்டல் மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, ஒரு விதை. ஒரு வகுப்பில் விதைத்தது, அடுத்த வகுப்புக்குப் போன பிறகு வரும் ஐப்பசி மழையில் வீட்டுக்குப் போகும். அதற்குள் கன்று இடுப்பு உயரத்துக்கு வந்திருக்கும். பிள்ளைக்கும் அதன் மேல் பாசம் வந்திருக்கும்.

புன்னை விதை சேர்ப்பது தனிச் சுகம். பழத்தின் சதையை வௌவால் தின்றுவிட்டுக் கொட்டையை மரத்தடியில் போட்டுவிடும். காலையில் போனால் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, சுத்தமாகக் கிடக்கும். ஓட்டோடு புதைத்தால் முளைக்க நாளாகும். பையன்கள் அதைக் கல்லில் வைத்து, உள்ளே பருப்பு நசுங்காமல் ஓட்டை மட்டும் தட்டி எடுக்கிறார்கள். அந்தக் கை நிதானத்தைப் பார்க்க வேண்டுமே! வகுப்பில் ஒரு இடத்தில் உட்காரமாட்டான் என்று பெயரெடுத்த ஒரு பையன் அரைமணி நேரம் தலை நிமிராமல் புன்னைக்கொட்டை தட்டுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் விதை வேண்டும் என்பதும் இல்லை. பூவரசு, வாதநாராயணன், கிளுவை, முருங்கை எல்லாம் போத்து வைத்தாலே தழைக்கும். மழைக்காலத்தில் கை மணிக்கட்டு கனத்தில் ஒரு கிளையை வெட்டி, மேல் முனையில் சாணத்தை அப்பி நட்டால் போதும். பனைக்கு நாற்றங்காலே கூடாது, விதையை நிற்கப்போகும் இடத்திலேயே புதைக்க வேண்டும். புரட்டாசியில் பனங்கொட்டை பொறுக்கி, வாய்க்கால் கரையிலும் குளத்தங்கரையிலும் பிள்ளைகள் வரிசையாகப் புதைக்கிறார்கள். பனையின் பலன் அவர்கள் பெரியவர்களான பிறகுதான். அது தெரிந்தும் முழங்கால் சேற்றோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கோடைதான் சோதனைக் காலம். வழக்கமாக ஜனவரி 28 அன்று மேட்டூர் அணையை மூடினால் ஜூன் 12 வரைக்கும் ஆற்றில் தண்ணீரை எதிர்பார்க்க முடியாது. மே மாதம் பள்ளியும் பூட்டிக்கிடக்கும். அங்கேதான் வீடுகள் கைகொடுக்கின்றன. உடைந்த குடம், பழைய பொங்கல் பானை எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை போட்டு, பழைய வேட்டித் துணியைத் திரித்து அதில் செருகி, கன்றின் வேர்ப்பக்கம் கழுத்து வரை புதைத்துவிடுவார்கள். ஒரு முறை நிரப்பினால் மெல்ல மெல்லக் கசியும். மேலே வைக்கோல், தேங்காய் மட்டை, சருகு என்று எது கிடைத்தாலும் மூடாக்கு. சித்திரை வெயிலில் அந்த மூடாக்கை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள், மண் குளுகுளுவென்று இருக்கும், மண்புழு நெளியும். வேறென்ன வேண்டும்?

இனி மீன் அமிலத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முத்துப்பேட்டை பக்கத்திலிருந்து வரும் மீன்கார அக்கா ஒருவர், மீன் ஆய்ந்த தலை, செதில், குடல் எல்லாவற்றையும் பள்ளிக்கென்று ஒரு வாளியில் எடுத்துவைத்துவிடுவார். கழிவு எவ்வளவோ அதே எடைக்கு வெல்லம். ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு வெல்லம் என்று போட்டுப் பிசைந்து, காற்றுப் புகாமல் மூடி நிழலில் வைத்துவிட வேண்டும். வைக்கும் அன்றைக்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கழித்துத் திறக்கும் நாள்தான் திருவிழா. மொத்த வகுப்பும் சுற்றி நிற்கும். மூடியைத் திறந்தால், நீங்கள் நம்பமாட்டீர்கள், நாற்றம் போய் நன்றாகக் கனிந்த பழ வாசனை! தேன் நிறத்தில் ஒரு திரவம். "டீச்சர், மீன் எங்க போச்சு?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வெல்லத்தைத் தின்று, மீனையும் கரைத்த கதையை டீச்சர் அங்கேயே நின்று சொன்னார். நொதித்தல் பாடத்தை இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் சொல்லித்தரும்? பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து சாயங்காலம் இலைமேல் தெளித்தால், ஒரு வாரத்துக்குள் வெளுத்துக்கிடந்த கத்தரி இலை கரும்பச்சைக்கு மாறிவிடுகிறது. நான் என் கொல்லையில் தெளித்துப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனேன்.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லித்தந்த அமுதக் கரைசல் இன்னும் சுலபம். பசுஞ்சாணம் ஒரு கிலோ, கோமியம் ஒரு லிட்டர், ஒரு கைப்பிடி வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர். ஒரு நாள் நிழலில் வைத்துக் கலக்கிவிட்டால் தயார். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும். மாடு இருக்கும் வீட்டுப் பிள்ளை சாணம் கொண்டுவரும், இல்லாத வீட்டுப் பிள்ளை வெல்லம் கொண்டுவரும். பூச்சிக்கு நொச்சி, ஆடாதொடை, வேம்பு, எருக்கு என்று ஆடு தொடாத இலைகளை இடித்துக் கோமியத்தில் ஊறப்போட்ட விரட்டி. அவரையில் அசுவினி அப்பினால் பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பல் தூவல். கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது வெல்லம் ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டில் என்னை அப்படியே கட்டிப்போட்டது வீட்டுப் பெரியவர்கள் உள்ளே வந்த விதம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பூசணி விதை வாங்கிப் போயிருந்தான். ஒரு நாள் காலையில் அவனுடைய அப்பாயி, முந்தானைக்குள் எதையோ பொத்திக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். திறந்து காட்டினால் ஒரு வறட்டி. உள்ளங்கை அகலம். அதற்குள் பூசணி விதைகள் பதிந்து, நுனிகள் மட்டும் வெள்ளையாக எட்டிப்பார்த்தன.

"டீச்சரம்மா, விதைய பாட்டில்ல போட்டு மூடிவைக்கிறீங்களாம். பேரப்புள்ள சொன்னான். சாணியில பொதிஞ்சு சுவத்துல அடிச்சு வைங்க. வண்டும் அண்டாது, எலியும் தொடாது. ஆடி வந்தா அப்படியே பேத்து ஊற வச்சு நட வேண்டியதுதான்."

"எங்களுக்குச் சொல்லித்தாங்கம்மா" என்றார் டீச்சர்.

நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, சாணத்தைப் பிசைந்து, விதைகளை ஒவ்வொன்றாகப் பதித்து, எட்டத்தில் நின்று சுவரில் சப்பென்று அடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பூசணி அவருடைய மாமியார் கொடுத்த விதையின் வழி வந்ததாம். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத அந்த அம்மாள் அன்றைக்கு ஒரு வகுப்பை முழுதாக எடுத்துவிட்டுப் போனார். இப்போது பள்ளியின் பின்சுவர் முழுக்க வட்ட வட்டமாக விதை வறட்டிகள். கத்தரிப்பழத்தைப் பிசைந்து சாம்பலில் புரட்டிக் காயவைப்பது, சுரையைக் கொடியிலேயே நெற்றாக விட்டுக் குலுக்கிப்பார்த்து எடுப்பது, நடுக்காய்ப்பில் தேறிய காயை விதைக்கென்று நூல் கட்டிவைப்பது, எல்லாம் இப்படி வீடுகளிலிருந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தவை. பள்ளியிலிருந்து மீன் அமிலமும் கன்றும் வீட்டுக்குப் போயின. எது யாருக்குச் சொல்லித்தந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

ஒரு பாத்தியில் காட்டுயானம் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதப் பயிர். ஆவணியில் விதைத்தது தை மாதம் தலைமை ஆசிரியர் உயரத்தைத் தாண்டி நின்றது. பக்கத்து வயலில் மழைத்தண்ணீர் தேங்கிக் குட்டைப் பயிர் மூழ்கிக்கிடக்க, இது தண்ணீருக்கு மேலே தலையாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பெரியவர் ஒருவர், முன்பெல்லாம் தண்ணீருக்குள் நின்றபடியே கதிரை மட்டும் அறுப்போம் என்று வேலியோரம் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நெல் என்றாலே குட்டையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய திறப்பு!

சாப்பாட்டு விஷயத்தை மறந்துவிட்டேனே. தோட்டத்துக் கீரையும் முருங்கையும் கத்தரியும் நேராகச் சத்துணவுச் சட்டிக்குப் போகின்றன. தட்டில் கத்தரிக்காயைக் கண்டால் ஓரமாக ஒதுக்கிவைக்கும் பிள்ளைகள், தாங்கள் தண்ணீர் ஊற்றிய செடியின் காய் என்றால் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். "எங்க வகுப்புக் காயா, அஞ்சாவது காயா அக்கா?" என்று சமையல் அக்காவிடம் விசாரணை வேறு. என் மகள் வீட்டில் முருங்கைக்கீரை கேட்பாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அரசாங்கம் ஒதுங்கி நிற்கிறது என்று சொல்லவே மாட்டேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்கிறது. 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையும் வந்துவிட்டது. எல்லாம் நல்லதற்கே. ஆனால் அந்தச் சதவீதம் கூடுவது கொல்லைப்புறங்களில்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரு பள்ளியைச் சுற்றி எத்தனை வீடு, எத்தனை கிணற்றடி, எத்தனை வேலியோரம் சும்மா கிடக்கிறது! பேருந்து ஜன்னலிலிருந்து விதைப்பந்து வீசுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விழுந்த இடத்தில் அதைத் தேடிப்போய்த் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? ஒரு பிள்ளை, ஒரு கன்று, ஒரு பெயர். இது போதும்.

ஆகவே இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பெரிய இடம் வேண்டாம், நாலு பாத்தியும் ஒரு நிழலும் போதும். ஆடிப்பட்டத்துக்கு அவரையும் சுரையும் போடுங்கள். அவை பிள்ளைகளை ஏமாற்றாமல் காய்க்கும். தெருவில் விழும் வேப்பங்கொட்டையையும் நாவல் கொட்டையையும் அன்றன்றைக்கே மண்ணுக்குள் அனுப்புங்கள். நகரத்துக்காரர்கள் மாடியில் ஒரு தொட்டி வையுங்கள், பள்ளிக்கு ஒரு பிடி விதை கொடுங்கள். ஊரில் மாடு வைத்திருப்பவரிடம் சாணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிப் பாருங்கள், ஒருவரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.